என் வீட்டுக்காரரின் ரத்தமும் ஒரு கரண்டிப் புல்லும்

ஜனவரி 14, புதன்

இந்த வாரம்தான் அவர் வேலைக்குத் திரும்பினார். விடிவதற்குள் எழுந்து, ரப்பர் பூட்ஸைத் துடைத்து, சாப்பாட்டுப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். "பஸ் வர இன்னும் எவ்வளவோ நேரம் இருக்கு" என்றேன். "தெரியும், ஆயுசு பூரா அதுலதானே போறேன்" என்றார். தெரிந்தும் உட்கார்ந்திருந்தார்.

போன அக்டோபரில் இதே படியில்தான் வாய் கோணி, "கினுயே" என்று என்னைக் கூப்பிடப்போய் வேறு எதையோ உளறிக்கொண்டு சரிந்தார். இதயம் தாளம் தப்பித் துடிக்கிறதாம். உள்ளே ரத்தம் கட்டி, அந்தக் கட்டி மூளைக்குப் போய் அடைத்துவிட்டதாம். பிழைத்தார். பேச்சும் வந்துவிட்டது. வலது கைச் சுண்டுவிரல் மட்டும் இன்னும் தூங்குகிறது. இனி ஆயுள் முழுக்க, ரத்தம் கட்டாமல் இருக்க வெள்ளை மாத்திரை. அந்த மாத்திரை சாப்பிடுகிறவர் நாட்டோ சாப்பிடக் கூடாது.

நாட்டோ சாப்பிடக் கூடாதாம்! நாட்டோவுக்கே பேர்போன மித்தோவில் பிறந்த ஆளிடம் சொல்கிற பேச்சா இது? அதுவும் சகுமா நாட்டோ பட்டறையில் புழுக்க அறையையே ஆள்கிற என் வீட்டுக்காரர் தொகுஜியிடம்? வெந்த சோயாவை வைக்கோலில் கட்டி, அந்த அறையில் வெதுவெதுப்பாக வைத்துப் புளிக்கவிட்டு, நூல் இழுக்கும் பதத்துக்குக் கொண்டுவருவதுதான் அவர் வேலை. காலையில் முதல் கட்டைப் பிரித்து ருசி பார்த்துச் சரி சொல்வதும் அவர்தான். இனி அவர் பார்க்கலாம், முகரலாம், நூலை இழுத்துப் பார்க்கலாம். ருசி பார்ப்பது முதலாளி சகுமா அம்மா. அந்தப் பேச்சின் பேரில்தான் திரும்பச் சேர்த்திருக்கிறார்கள்.

சாயங்காலம் வந்ததும் "எப்படி இருந்துச்சு?" என்றேன். "வாசனை நல்லா இருந்துச்சு" என்றார். பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் சிரித்துவிட்டேன்.

ஜனவரி 18, ஞாயிறு

சமையலறை அலமாரியில் இனி இடமில்லை. பார்க்க வருகிற ஒவ்வொருவரும் அவர் மூளைக்கென்று எதையாவது தூக்கிக்கொண்டு வருகிறார்கள். அவருக்கு மூளை இருக்கிறது என்று இத்தனை பேர் நம்பியது இப்போதுதான் எனக்குத் தெரிகிறது.

வெங்காயத் தோல் டீ. ரத்தம் சலசலவென்று ஓடுமாம், டிவியில் காட்டினார்களாம். கிங்கோ இலைச் சாறு, ஞாபக சக்திக்கு. கறுப்பு எள் உருண்டை, எதற்கென்று கொடுத்தவருக்கே தெரியவில்லை. என் கொழுந்தன் ஒரு டப்பா மாத்திரை கொண்டுவந்தான். நாட்டோவின் சத்தை மட்டும் பிரித்து, வாடையை எடுத்துவிட்டுச் செய்ததாம். ரத்தக் கட்டியைக் கரைக்குமாம். இவர் டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "வாடை இல்லாத நாட்டோவா? அதுக்குச் சும்மா இருந்துட்டுப் போலாமே" என்றார். நாட்டோ என்று பெயர் இருந்ததால் கொழுந்தன் வாசலில் செருப்பு மாட்டுவதற்குள் டப்பாவைக் குப்பையில் போட்டேன். இந்த விஷயத்தில் என்னை யாரும் ஏமாற்ற முடியாது.

உருப்படியான சாமான் கொடுத்தவள் பக்கத்து வீட்டு மிசாவோதான். இளம் பார்லிப் புல்லைக் காயவைத்து அரைத்த பச்சைப் பொடி. அவள் நடன வகுப்பில் எல்லாரும் குடிக்கிறார்களாம். "கினுயேக்கா, மாத்திரை எல்லாம் ஒடம்புக்கு வெளியாளு. இது வெறும் புல்லு. மூளை நரம்பை அலசி வெச்சிடும். இன்னொரு தடவ வந்தாக்கூட அடி பலமா விழாது பாரு."

இன்னொரு தடவை. அடுத்தது வந்தால் சுண்டுவிரலோடு போகாது என்று டாக்டர் சொல்லித்தான் அனுப்பினார். பேச்சு போகலாம். ஆளே போகலாம். நாளை முதல் தினமும் ஒரு கரண்டி.

ஜனவரி 19, திங்கள்

குடித்தார். "மாட்டுக்கு வெச்சது போக மீதியா?" என்று கேட்டார். மேலுதடு முழுக்கப் பச்சை. துடைக்காமலே பஸ் ஏறிவிட்டார்.

ஜனவரி 28, புதன்

ஆஸ்பத்திரி. ரத்தப் பரிசோதனையில் ஓர் எண் வருகிறது. இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில் இருக்க வேண்டும். இரண்டுக்குக் கீழே போனால் ரத்தம் கட்டும், மூன்றுக்கு மேலே போனால் ரத்தம் நிற்காது. டிசம்பரில் ஒழுங்காக இருந்தது. இன்று ஒன்றரைகூட இல்லை.

டாக்டர் தனிமுரா சின்னப் பெண். ஒசாகாவிலிருந்து வந்தவர். நாட்டோ என்று சொல்லும்போதே மூக்கைச் சுளிக்கிற ஊர்.

"ஐயா, நாட்டோ சாப்பிட்டீங்களா?"

"இல்ல."

"கொஞ்சம்கூட?"

"இல்லைங்க."

"அதைச் சாப்பிடாதேன்னு சொல்றது எங்க ஊர்ல தண்டனையே கெடையாது. உங்களுக்குக் கஷ்டம்தான், புரியுது. ஆனா மறைக்காதீங்க."

"ஒரு பருப்புகூட முழுங்கல டாக்டர்."

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் டாக்டரைப் பார்த்தேன். பிறகு இரண்டு பேரும் சேர்ந்து அவரைப் பார்த்தோம். அவர் தன் சுண்டுவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தார். வேலைக்குப் போக ஆரம்பித்த மாதத்திலேயே எண் விழுகிறது. இதற்குப் பெரிய துப்பறிவாளர் எதற்கு?

"வேற மருந்து ஏதாச்சும் எடுக்கறாரா அம்மா?" என்று என்னிடம் கேட்டார். "மருந்தெல்லாம் ஒண்ணும் இல்லைங்க" என்றேன்.

ஜனவரி 30, வெள்ளி

புது ஏற்பாடு. வேலை விட்டு வந்ததும் வாசலிலேயே வாயைத் திறந்து 'ஹா' சொல்ல வேண்டும்.

"நீ என்ன போலீஸா?"

"சொல்லுங்க."

"ஹா."

வாடை வருகிறது. ஆனால் தலைமுடியிலிருந்தும் வருகிறது, சட்டையிலிருந்தும் வருகிறது, சாப்பாட்டுப் பெட்டியிலிருந்தும் வருகிறது. கல்யாணம் ஆன நாளிலிருந்து இந்த மனுஷனிடமிருந்து நாட்டோ வாடை வராத நாள் எது? இதில் எதை வைத்து என்னத்தைக் கண்டுபிடிப்பது?

பிப்ரவரி 5, வியாழன்

கால்சட்டை மடிப்பில் ஒரு வைக்கோல் துண்டு. கேட்டால், "வைக்கோல்ல வேலை செய்யறவன் மேல பட்டு நூலா ஒட்டும்?" என்கிறார். பதில் சரிதான். அதுதான் எரிச்சலாக இருக்கிறது.

பிப்ரவரி 8, ஞாயிறு

இன்று மானம் போனது. எழுதித்தான் ஆக வேண்டும்.

வீட்டில் நாட்டோ வாங்குவதை நிறுத்திவிட்டேன். அவர் முன்னால் நான் மட்டும் கிளறிச் சாப்பிட்டால் அது கொடுமை. ஆனால் நானும் இந்த ஊரில்தானே பிறந்தேன்? ஆகவே அவ்வப்போது மிசாவோ வீட்டுக்குப் போய், அவள் சமையலறையில் நின்றபடியே சூடான சோற்றில் ஒரு கிண்ணம். பிறகு பல் தேய்த்துவிட்டுத்தான் வருவேன். அவள் வீட்டில் எனக்கென்று ஒரு பிரஷ்கூட இருக்கிறது.

இன்று திரும்பி வந்தபோது அவர் கணப்பு மேசைக்கடியில் கால் நீட்டிச் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். நிமிரவே இல்லை.

"சின்னப் பருப்பு. ஹொக்கைதோ சோயா. ஒரு நாள் கூடவே புளிச்சிருக்கு."

"என்னங்க சொல்றீங்க?"

"கடுகு கொஞ்சம் ஜாஸ்தி போட்டிருக்கே."

நான் சமையலறைக்குள் ஓடிவிட்டேன். பின்னாலிருந்து "ஹா சொல்லிட்டுப் போ" என்று சத்தம் வந்தது. தெருவுக்கே கேட்டிருக்கும்.

பிப்ரவரி 17, செவ்வாய்

எழுத்து கோணுகிறது, போகட்டும்.

காலையில் அந்தப் பச்சையைக் குடித்துவிட்டுக் கோப்பையை வைத்தார். "இன்னிக்குக் குளிரு—" என்று ஆரம்பித்தார். அதற்கப்புறம் வார்த்தை வரவில்லை. வாய் ஒரு பக்கம் இழுத்தது. என்னையே பார்த்தார். கண் தெளிவாக இருக்கிறது, எல்லாம் புரிகிறது, சொல்லத்தான் முடியவில்லை — ஐயோ அந்தப் பார்வை. நான் என்ன செய்தேன்? போன் பண்ணினேன். எப்போது பண்ணினேன், என்ன சொன்னேன், ஒன்றும் ஞாபகமில்லை. ஆம்புலன்ஸில் ஏற்றும்போதே "பூட்ஸு" என்றார். வாசலில் கிடந்த பூட்ஸை உள்ளே எடுத்து வைக்கச் சொல்கிறாராம். பேச்சு வந்துவிட்டது! அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது எனக்கு.

சின்னக் கட்டி, தானாகவே கரைந்துவிட்டதாம். அதிர்ஷ்டமாம்.

எண் அதே ஒன்றரைக்குக் கீழே.

ஏன் இப்படிப் பண்ணுறார்? உயிரைவிடவா அந்தப் பருப்பு? என்னைவிடவா?

பிப்ரவரி 19, வியாழன்

வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். டாக்டர் மாத்திரையைக் கூட்டியிருக்கிறார். கடுமையாகவே பேசினார். "இது எச்சரிக்கை மணி ஐயா. இன்னும் ஒளிச்சுத் தின்னீங்கன்னா என்னால ஒண்ணும் செய்ய முடியாது."

"நான் தின்னல."

"சரிங்க ஐயா" என்றார் டாக்டர், நம்பாதவர்கள் சொல்கிற மாதிரி.

டாக்டர் மாத்திரையைக் கூட்டினார், நான் புல்லைக் கூட்டினேன். இனி தினம் இரண்டு கரண்டி. கோப்பையில் கரண்டி நட்டுக்கொண்டு நிற்கிறது. மறுபேச்சில்லாமல் குடித்தார். குற்றமுள்ள நெஞ்சு, வேறென்ன.

பிப்ரவரி 23, திங்கள்

சகுமா அம்மா வீட்டுக்கு வந்தார். எங்கள் மகள் வயதுதான் இருக்கும். அவருடைய அப்பா காலத்திலிருந்து இவர் அங்கே வேலை செய்கிறார், அதனால் முதலாளியாக இருந்தும் இவரை அண்ணா என்றுதான் கூப்பிடுவார். டீயைத் தொடவே இல்லை.

"அண்ணா, தப்பா நெனைக்காதீங்க. இனிமே புழுக்க அறை வேண்டாம். பார்சல் கட்டற எடத்துல இருங்க. சம்பளத்துல ஒண்ணும் மாத்தமில்ல."

"ஏம்மா? நான் ருசி பாக்கறேன்னு யாராவது சொன்னாங்களா?"

"யாரும் பாத்ததில்ல அண்ணா. ஆனா டாக்டர் சொல்றாங்க, அண்ணி சொல்றாங்க… எங்க பட்டறையில வெச்சு உங்களுக்கு ஏதாவது ஆச்சுன்னா நான் எந்த மூஞ்சியோட அண்ணி முன்னாடி வந்து நிப்பேன்?"

அண்ணி நான்தான். அண்ணி தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன். போன வாரம் போனில் அவரிடம் புலம்பியது நான்தானே.

அவர் போனபின் இவர் பூட்ஸை எடுத்துத் துடைத்தார். பார்சல் கட்டுகிற இடத்துக்கு பூட்ஸ் தேவையில்லை. தெரிந்தும் துடைத்தார்.

மார்ச் 3, புதன்

போன வாரம் "நீயுமா நம்பல?" என்று கேட்டார். சோறு சாப்பிடும்போது, சாதாரணமாக, ஊறுகாய் கேட்கிற குரலில்.

நம்புகிறேன் என்று சொல்லியிருக்கலாம். பொய்யாகவாவது. "எண்ணு பொய் சொல்லுமா?" என்றேன்.

அதற்குப் பிறகு அவர் 'ஹா' சொல்வதற்குத் தானாகவே வாசலில் நிற்பதில்லை. நான் கேட்பதும் இல்லை. வீடு வெறிச்சென்று இருக்கிறது. கிண்டல் பண்ண ஆள் இருந்தும் கிண்டல் வரவில்லை.

மார்ச் 9, செவ்வாய்

செந்தாய் நகரத்துக்குப் போகிறேன். மகள் சனாயே பனி உறைந்த படியில் வழுக்கிக் காலை உடைத்துக்கொண்டிருக்கிறாள். மாப்பிள்ளை வேலையாக வெளியூர் போயிருக்கிறார். போகாமல் முடியாது.

சோறு, சூப்பு, எது எங்கே என்று சொன்னேன். மாத்திரையை எண்ணி வைத்தேன். பச்சைப் பொடி டப்பாவை மேசை நடுவில் வைத்து, "ரெண்டு கரண்டி, மறந்துடாதீங்க" என்றேன். "ம்" என்றார். மிசாவோவிடம் போய், "அடிக்கடி எட்டிப் பாரு, நாட்டோ வாடை வந்தா எனக்குப் போன் பண்ணு" என்று சொல்லி வைத்தேன். அவள் ராணுவ வீரன் மாதிரி சலாம் வைத்தாள். ரயிலில் உட்கார்ந்ததும் எனக்கு ஒன்று நிச்சயமாகத் தோன்றியது. நான் திரும்புவதற்குள் அந்த மனுஷன் ஒரு மூட்டை நாட்டோ தின்று தீர்க்கப்போகிறார்.

மார்ச் 12, வெள்ளி

செந்தாய். போன் பண்ணினேன். "மாத்திரை?" "போட்டேன்." "பொடி?" கொஞ்சம் இடைவெளி. "ம்." அந்த இடைவெளியை எனக்குத் தெரியும். குடிக்கவில்லை.

சனாயே கட்டுப் போட்ட காலோடு சிரிக்கிறாள். "அப்பாவ விடும்மா. நீ போன்லயும் மோந்து பாப்ப போலிருக்கே."

மார்ச் 17, புதன்

மிசாவோ போன் பண்ணினாள். காலையிலேயே. அவள் குரலைக் கேட்டதும் 'பிடித்துவிட்டாள்' என்றுதான் நினைத்தேன்.

நாட்டோ இல்லை. மூக்கிலிருந்து ரத்தமாம். துண்டுக்கு மேல் துண்டு நனைந்தும் நிற்கவில்லையாம். கையில் எங்கும் இடித்துக்கொள்ளாமலே நீலமாகக் கன்றியிருக்கிறதாம். அவளே காரில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட்டாள். மூக்கை அடைத்து ரத்தத்தை நிறுத்திவிட்டார்கள். எண் ஐந்தைத் தாண்டிவிட்டதாம்.

ஐந்தா? எப்படி? கீழே கிடந்தது எப்படி மேலே போகும்? நான் இல்லாத நேரத்தில் நாட்டோ தின்றிருந்தால் இன்னும் கீழேதானே போயிருக்க வேண்டும்?

முதல் ரயிலைப் பிடித்தேன். வழியெல்லாம் பிளம் பூத்திருந்தது போலிருக்கிறது. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் ஆஹா ஊஹூ என்றார்கள். நான் எதையும் பார்க்கவில்லை.

மார்ச் 18, வியாழன்

நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

டாக்டர் தனிமுரா இரண்டு பேரையும் எதிரே உட்கார வைத்தார். இவர் மூக்கில் பஞ்சு. டாக்டர் கன்னத்தில் கை வைத்து எங்களை மாறி மாறிப் பார்த்தார்.

"அம்மா வீட்ல இருந்தா எண்ணு கீழ போகுது. அம்மா ஊருக்குப் போனா மேல போகுது. ஐயா நாட்டோ திருடறவரா இருந்தா இது தலைகீழா இருந்திருக்கணும். ஏன் ஐயா, அம்மா ஊருக்குப் போனதும் எதை நிறுத்தினீங்க?"

"ஒண்ணும் நிறுத்தலியே. சோறு, சூப்பு, மீனு. கடையில வாங்கித் தின்னேன்."

"யோசிச்சுப் பாருங்க. எதையோ நிறுத்தியிருக்கீங்க."

"புல்லு மட்டும்தான் குடிக்கல" என்றார்.

"என்ன புல்லு?"

நான் உற்சாகமாக எடுத்துச் சொன்னேன்! இளம் பார்லி, பச்சைப் பொடி, மூளை நரம்பை அலசும், முதலில் ஒரு கரண்டி, இப்போது இரண்டு. சொல்லச் சொல்ல டாக்டரின் முகம் மாறியது.

"அம்மா, நாட்டோவுல எந்தச் சத்து இந்த மாத்திரையை வேலை செய்ய விடாதோ, அதே சத்து அந்தப் பொடியிலயும் நெறைய இருக்கு. பொடி கெட்டது இல்ல. உங்க பக்கத்து வீட்டம்மா குடிக்கட்டும், ஆடட்டும். இந்த மாத்திரை சாப்பிடறவங்க குடிக்கக் கூடாது. பொடியை எதிர்த்துதான் நான் மாத்திரையைக் கூட்டியிருக்கேன். பொடி நின்னதும் மாத்திரைக்கு எதிரி இல்லாம போச்சு."

"யாரும் சொல்லலையே…"

"டிஸ்சார்ஜ் அன்னிக்கு மருந்து கொடுத்தவர் சொல்லியிருப்பாரே. நாட்டோ, க்ளோரெல்லாங்கற பாசி, பச்சை இலைப் பொடி. மூணையும் சேர்த்துத்தான் எல்லாருக்கும் சொல்லி அனுப்பறோம்."

சொன்னார். கண்ணாடி போட்ட ஒல்லியான மனிதர். அவர் உதடு அசைந்தது எனக்கு ஞாபகம் இருக்கிறது. அவர் முதலில் நாட்டோ என்றார். நாங்கள் இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். அதற்குப் பிறகு அவர் சொன்னது எதுவும் எங்கள் காதில் ஏறவே இல்லை. மித்தோக்காரர்களிடம் நாட்டோவைக் கடைசியில் சொல்ல வேண்டும், முதலில் சொல்லவே கூடாது என்று யாராவது அவருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கலாம்.

இப்படி எழுதிச் சிரிக்கப் பார்க்கிறேன். சிரிப்பு வரவில்லை. பிப்ரவரியில் அவர் வாய் இழுத்துக்கொண்டபோது அந்தக் கோப்பையை அவர் கையில் கொடுத்தவள் நான்.

டாக்டர் ஒசாகாப் பேச்சில் ஏதோ தனக்குத்தானே முணுமுணுத்துவிட்டு, எழுந்து நின்று இவருக்குத் தலை வணங்கினார். "ஐயா, உங்களை நம்பாம போனதுக்கு மன்னிச்சுக்குங்க."

இவர் பதறிப்போய் எழுந்து பதிலுக்கு வணங்கினார். பஞ்சு கீழே விழுந்துவிட்டது.

மார்ச் 19, வெள்ளி

பொடி டப்பாவை மிசாவோவிடம் திருப்பிக் கொடுத்தேன். கேட்டதும் நடுவாசலில் உட்கார்ந்து அழுதாள். அவளைத் தேற்றுவதற்கே காலை போய்விட்டது.

அவர் படுக்கையில் இருக்கிறார். எண் இறங்கும் வரை மாத்திரை கிடையாது, கூடுதல் அசைவும் கூடாது. பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். என்ன சொல்வது? பல வருஷம் ஒருவரைக் கிண்டல் பண்ணியே பேசிப் பழகியாயிற்று. மன்னிப்பு கேட்கிற பேச்சு நாக்கில் வரமாட்டேன் என்கிறது.

"அவ்வளவு புடிக்கலேன்னா ஏங்க குடிச்சீங்க? வேண்டாம்னு சொல்லியிருக்கலாமே."

"சொன்னேனே. மாட்டுத் தீனின்னு."

"அது கிண்டல்னு நெனச்சேன்."

கூரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார், "ஆஸ்பத்திரியிலேர்ந்து வந்ததுலேர்ந்து நீ தூக்கத்துல எழுந்து எழுந்து என் மூக்குல கை வெச்சுப் பாப்ப. மூச்சு வருதான்னு. அந்தப் பொடி வந்ததுக்கப்புறம் நல்லாத் தூங்கின. அதான் குடிச்சேன்."

அவர் தூங்குகிறார் என்று நான் நினைத்தபோதெல்லாம் அவர் விழித்திருந்திருக்கிறார். எனக்குத் தெரியவே தெரியாது.

அழுதேன். நன்றாகவே அழுதேன். "போதும், ரத்தம் எனக்குத்தான் நிக்கல, ஒனக்குக் கண்ணீரும் நிக்கலியா" என்றார்.

மார்ச் 22, திங்கள்

அவருக்குத் தெரியாமல் பட்டறைக்குப் போனேன். தலை நிமிர்ந்து நடக்க முடியவில்லை. நல்ல பட்டுத் துணியில் சுற்றி, பிளம் மிட்டாய்ப் பெட்டி ஒன்றைக் கொண்டுபோனேன். மன்னிப்பு கேட்கப் போகிறவள் வெறுங்கையோடா போவாள்?

சகுமா அம்மா அலுவலறைக்கு அழைத்தார். வேண்டாம், எல்லாரும் இருக்கிற இடத்தில் சொல்ல வேண்டும் என்றேன். சோயா வேகிற ஆவிக்கு நடுவே, வெள்ளைத் தொப்பி போட்டிருந்த எல்லாரும் கையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். பெட்டியை இரண்டு கையாலும் நீட்டினேன்.

"எங்க வீட்டுக்காரர் ஒரு பருப்புகூடத் திருடித் தின்னல. அவர் ரத்தத்தைக் கெடுத்தது நான். புல்லைக் கரைச்சு ஊத்தினேன். போன்ல அவர் மேல பழி போட்டதும் நான்தான். அவரைப் பத்தித் தப்பா நெனச்சவங்க, அதை என் மேல மாத்திக்குங்க."

குனிந்தேன். எவ்வளவு நேரம் குனிந்திருந்தேனோ, இடுப்பு பிடித்துக்கொண்டது. சகுமா அம்மா வந்து தோளைத் தொட்டு நிமிர்த்தினார்.

"அண்ணி, அவர் போனதுலேர்ந்து நான் ருசி பாத்து மட்டும்தான் சரி சொல்றேன். தெனமும் பாக்கறேன். நேத்து ஒரு கட்டு ரொம்பப் புளிச்சுப் போயிருந்துச்சு, அதுகூட எனக்குத் தெரியல. கடைக்காரர் திருப்பி அனுப்பிட்டார்" என்று காதோடு சொன்னார். "அவர் வாயில வெக்காமலே கண்டுபுடிச்சிருப்பார். எண்ணு சரியானதும் அனுப்புங்க. கெஞ்சிக் கேக்கறேன்னு சொல்லுங்க."

கெஞ்சிக் கேட்கிறார் என்று நான் சொல்லப்போவதில்லை. தலைக்கு ஏறிவிடும். கேட்கிறார் என்று மட்டும் சொல்லுவேன்.

ஏப்ரல் 7, புதன்

2.3. டாக்டர் எழுதிய எண்ணைத் தானே வாங்கிப் பார்த்து, மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

ஏப்ரல் 25, ஞாயிறு

கொழுந்தன் வந்தான். அண்ணன் மூளைக்கு நல்லதென்று ஏதோ வேர்க் கஷாயம். இந்த முறை நான் குப்பையில் போடவில்லை. பாட்டிலைக் கையில் எடுத்துக்கொண்டு மருந்துக் கடைக்குப் போய், "இந்த மாத்திரையோட இது ஆகுமா?" என்று கேட்டேன். ஆகாது என்றார்கள். அப்புறம்தான் குப்பையில் போட்டேன்.

மே 1, சனி

நேற்றிலிருந்து அவர் புழுக்க அறையில். ருசி சகுமா அம்மாதான், ஆனால் அவர் வாயில் வைப்பதற்கு முன்பே இவர் முகர்ந்து சொல்லிவிடுகிறாராம்.

இன்று சாயங்காலம் வந்தபோது தலை முதல் கால் வரை அதே வாடை. கையில் வைக்கோல் கட்டு ஒன்று. மேசையில் என் பக்கத்தில் வைத்தார்.

"நான் திரும்பப் போய்ப் போட்டதுல மொதக் கட்டு. நீ சாப்பிடு. அடுத்த வீட்ல போய் நின்னுக்கிட்டே சாப்பிடறது ஒடம்புக்கு ஆகாது."

"உங்க முன்னாடியா?"

"நான் பாத்துக்கிட்டிருக்கேன். சாப்பிடு."

சூடான சோறு வைத்துக்கொண்டேன். கிளறினேன். "இன்னும் கிளறு" என்றார். கிளறினேன். "இன்னும்." நூல் வெள்ளையாக நுரைத்தது. வாயில் வைத்தேன். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எப்படி?"

"நல்லா இருக்கு."

"அவ்வளவுதானா?"

"ரொம்ப நல்லா இருக்குங்க. இதுக்கு முன்னாடி இவ்வளவு நல்லா நீங்க செஞ்சதில்ல."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதை மறைக்கச் செய்தித்தாளை எடுத்துக்கொண்டார். என்னால் முழுவதையும் சாப்பிட முடியவில்லை, வயிறு நிறைந்துவிட்டது. பாதிக் கிண்ணம் அப்படியே இருந்தது. குளியல் தொட்டியில் தண்ணீர் சூடாகிவிட்டது என்று மணி அடித்தது.

கிண்ணத்தை மேசையிலேயே, அவர் எதிரிலேயே விட்டுவிட்டு எழுந்து போனேன். வந்து பார்க்கும்போதும் அது பாதியாகவே இருக்கும், தெரியும். நிதானமாகக் குளித்தேன்.